திருவல்லிக்கேணித் திருவீதிகளில் தொண்டு செய்த பெருமக்கள்

நூற்றெட்டு திவ்யதேசங்களுள் ஒன்றாகிய திருவல்லிக்கேணியில், உற்ஸவரான ஸ்ரீபார்த்தஸாரதி எம்பெருமானின் திருமுகத்தில் வடுக்கள் விளங்குவதைச் சேவார்த்திகள் யாவரும் அறிவர். பாரதப் போரில் அர்ஜுனனுக்குத் தேரோட்டியாய் முன்னின்று, அம்புகளைத் தான் ஏற்றதன் அடையாளம் அவை என்பர் பெரியோர். பிறர் வெற்றிக்காகத் தான் தாழ நின்று தொண்டு செய்யும் இப்பண்பு, எம்பெருமானின் திருவடி நிழலான இப்பேட்டையில் வாழ்ந்த சிலரிடத்தும் விளங்கிற்று.

அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் மண்டயம் அளசிங்கப் பெருமாள். ஸ்ரீவைஷ்ணவ குலத்தில் 1865-இல் தோன்றிய இவர், பச்சையப்பன் பள்ளியில் ஆசிரியர். ஊதியம் சிறிது, குடும்பம் பெரிது. எனினும் சுவாமி விவேகானந்தரை 1893-இல் சிகாகோ சர்வமத மகாசபைக்கு அனுப்பும் பொருட்டு, இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று யாசித்துப் பொருள் திரட்டினார். அயல்நாட்டில் கைப்பொருள் குறைந்து சுவாமிகள் தந்தி அடித்தபோதும், மீண்டும் திரட்டி அனுப்பியவர் இவரே. சுவாமிகளின் புகழ் உலகெங்கும் பரவியது. அளசிங்கரோ ஆசிரியராகவே இருந்து 1909-இல் மறைந்தார். வெற்றியோடு திரும்பிய சுவாமிகள் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் தங்கிய மாளிகை கடற்கரையில் இன்றும் உள்ளது. பனிக்கட்டி சேமிக்கக் கட்டப்பெற்று ‘ஐஸ் ஹவுஸ்’ எனப்பட்ட அது, அப்போது வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காருக்கு உரியதாயிருந்தது. 1963 முதல் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராயிருந்தார். அங்கு அவருக்கு மேலதிகாரி எஸ். நாராயண ஐயர், தாமும் கணிதம் பயின்றவர். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலிருந்த அவர் இல்லத்தில் இருவரும் இரவு நெடுநேரம் சிலேட்டுப் பலகையில் கணக்கிடுவர். மேதையின் மனம் பல படிகளை ஒரே தாவலில் கடந்துவிடும். பிறர்க்கு விளங்குமாறு ஒவ்வொரு படியையும் எழுதும்படி வற்புறுத்தியவர் நாராயண ஐயர். தம்மினும் மிக்கவனை இளையவனிடத்தே கண்டு, அழுக்காறு கொள்ளாது அவன் உயர்வுக்கு உழைத்தல் எளிய செயலன்று. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அந்தப் பைகிராப்ட்ஸ் சாலை இந்நாளில் பாரதி சாலை என்றே வழங்குகிறது. மகாகவி சுப்பிரமணிய பாரதியார் தம் இறுதி நாட்களைக் கழித்தது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். 1921-இல் ஒருநாள், தாம் அன்போடு உணவளித்து வந்த திருக்கோயில் யானையால் தள்ளப்பட்டு, அதன் கால்களிடையே விழுந்தார். கூடியிருந்தோர் அஞ்சி விலகி நின்றனர். குவளைக்கண்ணன் என்று பாரதியார் பெயரிட்டழைத்த கிருஷ்ணமாச்சாரியார் ஒருவரே உயிரைப் பொருட்படுத்தாது உட்புகுந்து அவரைத் தூக்கி வந்தார். யானையால் அன்றே கவி மாண்டார் எனச் சிலர் கூறுவது பிழை. அவர் தேறி எழுந்து, ஈரோடு வரை சென்று சொற்பொழிவாற்றினார். பின்னர் வயிற்று நோய் கண்டு, செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்ததும் மறைந்தார். இறுதி ஊர்வலத்தில் உடன் சென்றோர் மிகச் சிலரே. அவ்வில்லம் பின்னாளில் அரசின் நினைவில்லமாயிற்று.

அளசிங்கர், நாராயண ஐயர், குவளைக்கண்ணன் ஆகிய மூவரும் பெரியோரைத் தாங்கியவர்கள். அருகில் வாழும் பெரியோரை வாழுங்காலத்தில் அறிந்து துணைநிற்பது அரிது. மறைந்தபின் போற்றுவது எளிது. அடியார்க்கு அடியாராயிருத்தலே பகவானுக்கு உகந்தது என்பது ஸ்ரீவைஷ்ணவ நெறி. திருவிழாவில் எம்பெருமானைச் சேவித்துத் திருவீதி வலம் வரும் அன்பர்கள், இத்தொண்டர்களையும் நெஞ்சில் நிறுத்தி, தத்தம் ஊரில் தாங்குவாரின்றி வாடும் ஒருவருக்கேனும் துணை நிற்பாராயின், அதுவே அத்திருமுக வடுக்களைச் சேவித்ததன் பயனாகும்.