படுக்கைக்கு முன் அரைமணி நேரம்



இரவு உணவுக்குப் பின் குழந்தைகள் வார்டில் ஒரு சுற்று வருவது எங்கள் வழக்கம். சில மாதங்களுக்கு முன் அப்படிச் சென்றபோது, வயிற்றுப்போக்கு நின்று தேறிவந்த இரண்டு வயது மகனோடு ஓர் இளம் தாய் உட்கார்ந்திருந்தார். "ஐயா, டாக்டரம்மாகிட்ட சொல்லி இவனுக்குத் தூங்குற மருந்து ஒண்ணு வாங்கித் தாங்களேன். வீட்லயும் ராத்திரி நாலஞ்சு தடவை எழும்பி அழுவான். என்னால முடியல" என்றார். சளி மருந்தில் ஒரு மூடி கொடுத்துத் தூங்கவைத்துப் பழகியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால் அந்த மயக்கம் நல்ல நித்திரை அல்ல. அளவு மிஞ்சினால் ஆபத்து. குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட்டார்.

டாக்டரம்மா மருந்து எழுதவில்லை. "பிள்ளை தூங்குவதற்கு முன் வீட்டில் என்ன நடக்கும்?" என்றுமட்டும் கேட்டார். ஒரு நாள் எட்டு மணிக்குப் படுக்கை, மறுநாள் பதினொன்று. அப்பா வேலை முடிந்து வரும்வரை டி.வி. ஓடும். செல்போனில் படம் காட்டித்தான் சோறு. பிறகு தோளில் போட்டு நடப்பார்கள், அல்லது கண் மூடும்வரை சேலைத் தொட்டிலை ஆட்டுவார்கள்.

எல்லாக் குழந்தைகளும் இரவில் சில தடவை விழிப்பது இயற்கையே. தானாகத் தூங்கப் பழகிய பிள்ளை புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடும். தோளில் தூங்கிய பிள்ளையோ, விழித்ததும் அந்தத் தோளைத்தான் தேடும். இதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். பாவம், பிள்ளைக்கு வேறு வழி தெரியாது.

2009இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகளின் தாய்மார் இரண்டு வாரம் ஒவ்வொரு இரவும் மூன்று காரியங்களை ஒரே வரிசையில் செய்தார்கள்: குளிப்பாட்டுதல், உடம்பைத் தடவிவிடுதல், அணைத்துத் தாலாட்டுதல். அரைமணி நேரத்துக்குள் விளக்கை அணைத்துவிட வேண்டும். பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், விழிப்பது குறைந்தது, தாய்மாரின் மனநிலையும் தேறியது. 2015இல் வெளியான இன்னோர் ஆய்வுக்காக இந்தியா உட்படப் பல நாடுகளின் 10,085 தாய்மாரிடம் விசாரித்தபோது, வாரத்தில் எத்தனை இரவு இந்த ஒழுங்கு நடந்ததோ அந்த அளவுக்குத் தூக்கமும் நன்றாயிருந்தது தெரியவந்தது. இரண்டும் தாய்மார் சொன்னதை வைத்தே பெரும்பாலும் கணக்கிட்டவை. சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் எங்களுக்கு இது நியாயமாகவே படுகிறது. நம் பாட்டிமார் அறியாததா இது? அவர்கள் வீட்டில் செல்போன் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. வளர்ச்சிக்கான ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். படுக்கையில் சொல்லும் கதையிலும் பாட்டிலும் பிள்ளை சொற்களைச் சேர்த்துக்கொள்கிறது. திரையின் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். (தினமும் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளையை மட்டும் டாக்டரிடம் காட்டத் தவறாதீர்கள்.)

வார்டிலேயே தொடங்கினோம். ஏழரைக்கு வெந்நீரில் உடம்பைத் துடைத்து, சட்டை மாற்றி, கட்டிலுக்கு மேலுள்ள விளக்கை அணைத்தார் நர்ஸ் அம்மா. தாய் ஒரே பாட்டை மெல்லப் பாடினார். பிறகு சின்ன ஜெபம். கண் சொக்கும்போதே படுக்கவைத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். முதல் இரவு வார்டு முழுவதும் கேட்க அழுதான். பக்கத்துக் கட்டில் பாட்டி முணுமுணுத்தார். மூன்றாம் இரவு கொஞ்சம் சிணுங்கியதோடு சரி.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது, ஒரு தடவைதான் எழும்புகிறான் என்றார் தாய். சளி மருந்துப் புட்டியை எறிந்துவிட்டாராம். அப்பாவுக்கு மட்டும் வருத்தம்: அவர் வீடு வந்து சேரும்போது மகன் தூங்கிவிடுகிறான். எழுப்பக்கூடாதா என்று எங்களிடம் கேட்டார். வேண்டாம் என்றோம். இப்போது காலையில் அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவது அவர் பொறுப்பு.