தலை அல்ல, தரை

"தலையைத் தூக்கிட்டீங்க!" கோல்ஃபில் பந்து எழும்பாமல் தரையோடு ஓடினால் பக்கத்தில் நிற்பவர் உடனே சொல்வது இதுதான். கோல்ஃப் வீரர் அனிர்பன் லாஹிரி பிறந்த புனேயிலும் புதிதாக மட்டை பிடிப்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுவே. நான் இதை ஏற்பதில்லை. மட்டை பந்தைத் தொடும் முன்பே முகத்தை இலக்கின் பக்கம் திருப்பத் தொடங்கிவிடும் ஆனிக்கா சோரன்ஸ்டாம், 10 மேஜர் பட்டங்களை வென்றவர். தலை அலையக் கூடாது என்பது சரி. பந்து போன பிறகும் குனிந்தே நின்றால் உடல் திரும்ப இடமிருக்காது.

குறை பெரும்பாலும் தரையில் இருக்கிறது. மட்டை இறங்கி ஏறும் வளைவின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்தால், ஏறும் மட்டை பந்தின் உச்சியைத்தான் உரசும். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்று நினைக்கும்போதுதான் பாரம் பின்காலிலேயே தங்கி இப்படி ஆகிறது. தூக்குவது மட்டையின் வேலை. 7-ஆம் எண் அயர்ன் மட்டையின் முகம் ஏறக்குறைய 30 பாகை சாய்ந்திருப்பது அதற்காகவே. அயர்னில் முதலில் பந்து, பிறகு மண்.

இதைப் பழக ஒரு துண்டு போதும். மடித்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால் வையுங்கள். அதைத் தொடாமல் பந்தை அடியுங்கள். தொடக்கத்தில் அரை ஸ்விங் மட்டும். மணல் கிடைத்தால் பந்தே வேண்டாம். குறுக்கே கோடு கிழித்து, இலக்குப் பக்கம் மட்டும் மணல் பெயரும்படி வீசிப் பாருங்கள்.

புனேயின் மழை மாதங்களில் செயற்கைப் புல் விரிப்பில் பழகுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பந்துக்குப் பின்னால் விழுந்த மட்டையும் விரிப்பில் வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும். அடி சுத்தமாக விழுந்தது போலவே தோன்றும். மழை விட்டு அக்டோபரில் புல்லில் இறங்கும்போது அதே ஸ்விங் மண்ணில் புதையும். விரிப்பிலும் துண்டை வையுங்கள்.

ஒரு கூடைப் பந்தை ஒரே மட்டையால் அடித்துத் தீர்ப்பதே பயிற்சி என்பது இன்னொரு நம்பிக்கை. ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1979-இல் கை அசைவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பழகும்போது முந்தினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது, மாற்றி மாற்றிப் பழகியவர்களே மேலாகச் செய்தார்கள். அதனால் துண்டு வைத்துப் பத்துப் பந்து அடித்ததும் முறையை மாற்றுங்கள். புனேயின் எரவாடாவில் உள்ள பூனா கிளப் மைதானத்தில் ஆடுவதாக மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு டிரைவர், ஒரு அயர்ன், ஒரு வெட்ஜ் என்று ஒவ்வொரு பந்துக்கும் மட்டையும் இலக்கும் மாறட்டும்.