பருத்தி இழையும் பசுமை வேதியியலும்

நுழையும்முன்

ஆடைக்கு வண்ணம் அழகு. ஆற்றுக்கு அதுவே கேடு. ஆடை தரும் பருத்தியே, சாயம் கலந்த நீரைத் தூய்மைப்படுத்தவும் உதவுமா? இவ்வினாவிற்கு விடை தேடும் அறிவியல் முயற்சியை விளக்குகிறது இப்பாடம்.

இழையின் இயல்பு

1838ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பயேன், தாவரத் திசுக்களிலிருந்து செல்லுலோஸைப் பிரித்தறிந்தார். குளுக்கோஸ் அலகுகள் சங்கிலியாய் இணைந்த பலபடி அது. பருத்தி இழையில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸே. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் உலோக அயனிகளைத் தம்பால் ஈர்க்க வல்லவை.

பசுமை வழி

1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகியோர் பசுமை வேதியியலின் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தனர். கழிவு உருவானபின் அகற்றுவதைவிட, உருவாகாமல் தடுத்தலே நன்று என்பது அவற்றுள் முதலாவது.

இவ்வழியில், துத்தநாக உப்புக் கரைசலுடன் வேப்பிலைச் சாறு சேர்த்து, அதில் செல்லுலோஸ் இழைகளை ஊறவைப்பர். துத்தநாக அயனிகள் இழையைப் பற்றிக்கொள்ளும். காரம் சேர்த்து மிதமாகச் சூடேற்றினால், அவை இழையின்மீதே துத்தநாக ஆக்சைடு துகள்களாக மாறும். சாற்றிலுள்ள பாலிஃபீனால்கள் துகள்களைச் சூழ்ந்து, அவை திரண்டு பெருக்காமல் காக்கும். வெப்பம் மிகுந்தால் இழை கருகிவிடும்.

நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்குரிய புறப்பரப்பு பெருகும், வினையும் விரைவுபெறும்.

பயனும் எல்லையும்

துத்தநாக ஆக்சைடு புற ஊதாக் கதிரை உட்கவரும். பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும். எனவே இக்கலப்பொருள் காயக்கட்டுத் துணிக்கும் உணவுப்பொதி உறைக்கும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. கதிரொளி படும்போது அது நீரிலும் ஆக்சிஜனிலும் வினைமிகு மூலக்கூறுகளைத் தோற்றுவித்துச் சாயத்தைச் சிதைக்கும். தூளாக நீரில் கலந்த துகள்களை மீட்பது கடினம். இழையில் பதிந்தவற்றையோ எளிதில் வெளியே எடுக்கலாம்.

ஆயினும், நிறம் நீங்கிய நீரெல்லாம் தூய நீராகிவிடாது. பருத்திக்குச் சாயமேற்றப் பயன்படும் உப்பு நீரில் அப்படியே தங்கிவிடும். நொய்யல் ஆற்றின் மாசு காரணமாக 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அங்கு உழவைக் கெடுத்ததில் இவ்வுப்புக்கும் பெரும்பங்குண்டு. மேலும், இழையிலிருந்து கசியும் துத்தநாகம் மீன்களுக்கு நஞ்சாகலாம். ஆகவே, ஒரு பொருளின் பசுமையை அது உருவாகும் முறையோடு, பயன்பட்டபின் சென்றுசேரும் இடத்தையும் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. துகள்களை இழையில் பதிப்பதன் நன்மை யாது?
2. நிறம் நீங்கிய சாயநீரை வயலுக்குப் பாய்ச்சலாமா? காரணம் கூறுக.