வெப்பமண்டல மீனுக்கும் வெயில் ஆகாது

"இதெல்லாம் வெப்பமண்டல மீன், நம்ம ஊர் வெயில் ஒண்ணும் செய்யாது." மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கோடையில் தொட்டி காலியாவதற்கு இந்த நம்பிக்கையே பெரிய காரணம்.

நியான் டெட்ராவின் பூர்விகம் மேற்கு அமேசானின் காட்டோடைகள். மரங்கள் கவிந்த அந்த நீரில் வெயில் நேராக விழுவது குறைவு. 22 முதல் 25 டிகிரி செல்சியஸ் அதற்குப் போதும். கப்பி, ஏஞ்சல், மோலி போன்றவற்றுக்கு 24 முதல் 27 வரை வைத்தால் சரியாக இருக்கும். மே மாதச் சென்னையில், மாடி அறைத் தொட்டியின் நீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொட்டுவிடும்.

சூடு மீனைக் கொல்வது பெரும்பாலும் மூச்சின் வழியாகத்தான். நீரின் சூடு ஏற ஏற மீனின் உடல் வேகமாக இயங்கி, கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கும். நீரிலோ அது குறைந்துகொண்டே போகும். 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் சூட்டில் கூடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போது, "பசிக்குது போல" என்று இன்னும் ஒரு பிடி தீனி போடுவார்கள். பார்க்கவே மனம் பதறும். அது பசியல்ல, மூச்சுத்திணறல். தின்னாமல் கிடக்கும் தீனி அழுகி, மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தீனியை நிறுத்திவிட்டு, ஏர் பம்ப்பைக் கூட்டி வைக்க வேண்டும்.

ஐஸ் கட்டி போட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. சில நிமிடங்களில் நாலைந்து டிகிரி இறங்கினால் மீன் அதிர்ந்துபோகும். மூடியைத் திறந்து, டேபிள் ஃபேன் காற்றை நீர்மட்டத்தில் படவிடுங்கள். நீர் ஆவியாகும்போது மெல்ல இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பலன் சற்றுக் குறைவாக இருக்கும். மீன் துள்ளி வெளியே விழாமல் வலை மூடி போடுவது நல்லது.

கலர் மீன் எல்லாம் ஒன்றாகவே வாழும் என்று கோல்ட் ஃபிஷ்ஷையும் டிஸ்கஸையும் சேர்த்து வாங்குகிறவர்களும் உண்டு. கோல்ட் ஃபிஷ் குளிர்நீர் மீன், 18 முதல் 23 டிகிரி அதற்கு இதம். டிஸ்கஸுக்கு 28க்கு மேல் வேண்டும். இரண்டில் ஒன்று தினமும் வாடும்.

"நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?" என்ற கேள்வி சென்னைக்குப் பெரும்பாலும் சரி. ஊட்டி, கொடைக்கானலில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. சமவெளியிலும் மார்கழி இரவில் ஒரு லிட்டர் பாட்டிலில் இருக்கும் ஃபைட்டர் மீன் விறைத்துவிடும். காற்றை நேரடியாகவே சுவாசிக்கக்கூடியது என்பதால் அதற்குச் சிறிய இடம் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் நீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக அது குளிரும், சூடாகும். 25 முதல் 28 டிகிரி ஏறி இறங்காமல் நிற்க, பெரிய தொட்டி வேண்டும்.

கையை விட்டுச் சூடு பார்ப்பதையும் நம்ப வேண்டாம். நம் தோலே 33 டிகிரி அளவில் இருப்பதால், 30 டிகிரி நீர்கூட நமக்கு வெதுவெதுப்பாகத் தெரியாது. மலிவான தெர்மாமீட்டர் ஒன்று போதும். கோடையில் தண்ணீர் மாற்றும்போதும் அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் குழாய்நீர் தொட்டி நீரைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். விடியற்காலையில் பிடித்து, குளோரின் நீக்கி, சூடு ஒத்துவந்த பிறகே ஊற்றுங்கள்.