முற்றத்துப் புல்

‘புல்தானே!’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அற்பப் பொருளுக்குப் புல்லை உவமை கூறுவதும் நம் வழக்கம். ஆனால், ஒரு சிறு முற்றத்தில் புல்லை ஒரே சீராக வளர்த்துக் காத்தவர் அவ்வாறு சொல்லத் துணியார். மண்ணியலும் பயிரியலும் நீரின் போக்கும் அங்கே ஒருங்கே வேலை செய்கின்றன. ஏட்டில் படிப்பதைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர்க்கு இதனினும் எளிய ஆய்வுக்கூடம் வேறில்லை. ஆகவே, கொல்கத்தாவில் வாழும் நாம் வீட்டுப் புல்தரையை அமைத்துக் காக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

எந்தப் புல்?

வங்காளியர் ‘தூர்வா’ என்று அழைப்பதும் நாம் ‘அறுகு’ என்று அழைப்பதும் ஒரே புல்லே. பயிர்நூலார் அதனைச் சைனோடான் டாக்டிலான் என்பர். விளையாட்டுத் திடல் அமைப்போர் பெர்முடா புல் என்று விலை கூறி விற்பதும் இவ்வினமே. வங்காள வீடுகளில் பெரியோர் நெல்லும் தூர்வாவும் தலையிலிட்டு இளையோரை வாழ்த்துவதை நம்மில் பலர் கண்டிருப்போம். நம் ஊரில் மணமக்களை அறுகும் அரிசியும் இட்டு வாழ்த்துகின்றனர். அறுகுபோல் வேரூன்றுக என்பது நம் முன்னோர் வாழ்த்து.

அவ்வாழ்த்தில் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. அறுகுக்குத் தரைமேல் ஓடும் தண்டும் உண்டு. மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. மேலே மிதித்தாலும் மேய்ந்தாலும் கீழிருந்து மீண்டும் தளிர்க்கும். மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தும், ஆயிரம் கால்கள் பந்தாடியும் அங்கே பசுமை அழியாதிருப்பதன் காரணம் இதுவே.

அறுகுக்கு ஒரு குறை உண்டு. நிழலை அது பொறுக்காது. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். மாமர நிழலிலோ உயர்ந்த மதிலோரத்திலோ அறுகை நட்டு, உரத்தை அள்ளிக் கொட்டுவதால் பயனில்லை. அத்தகைய இடங்களில் அகன்ற இலையுடைய கார்ப்பெட் புல் ஓரளவு தாங்கும். இருளே மிகுந்த மூலையில் புல்லை விடுத்து, நிழல் விரும்பும் செடிகளை வைப்பதே அறிவுடைமை.

மண்ணே முதல்

புல்தரை கெடுவது நீர் குறைவதால் என்று பலர் எண்ணுகின்றனர். இந்நகரில் உண்மை அதற்கு மாறானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு திங்களில் வந்து விழுகிறது. நிலமோ கங்கை கொணர்ந்த வண்டல். பல இடங்களில் ஒட்டும் களிமண். அத்தகைய மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. இலை மஞ்சளிக்கக் கண்டு, நீர் போதவில்லை என்று மேலும் நீர் ஊற்றுவோரும் உளர்!

வடிகாலின் அருமையை ஈடன் கார்டன்ஸ் திடல் நமக்கு உணர்த்தியது. 2015 அக்டோபர் 8 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அங்கே ஆட இருந்த இருபது ஓவர் ஆட்டம் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. முன்னர்ப் பெய்த மழையின் ஈரம் களத்தில் வடியவில்லை என்பதே காரணம். பின்னர் அக்களத்தை மணல் அடியிட்டுப் புதிதாக அமைத்தனர். பெருந்திடலுக்குப் பொருந்தும் இவ்விதி நம் சிறுமுற்றத்திற்கும் பொருந்தும்.

உங்கள் மண்ணை நீங்களே சோதிக்கலாம். முற்றத்தில் ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டுங்கள். ஒருமுறை நீர் நிரப்பி வடிய விட்டு, மறுமுறையும் நிரப்புங்கள். சில மணி நேரத்தில் நீர் இறங்கிவிட்டால் கவலையில்லை. மறுநாளும் நின்றால் மணலும் மட்கிய தொழுவுரமும் நன்கு கலந்து மண்ணை இளக்க வேண்டும். ஊக்ளி ஆற்றின் படிவைக் கொண்டு நிரப்பிய சால்ட் லேக் பகுதியில் மணற்பாங்கான இடங்கள் உண்டு. அங்கே தொழுவுரம் மட்டும் மிகுத்தால் போதும். எங்காயினும், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக ஒரு மீட்டருக்கு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் சரிவு இருத்தல் வேண்டும்.

காலம் அறிந்து செய்தல்

சித்திரை, வைகாசியில் ஒரு சாண் ஆழத்திற்கு மேல் மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் காயவிடுக. களைகளின் கிழங்கும் வேரும் அப்பொழுதே பொறுக்கி எறியப்பட வேண்டும். கோடை மழை பெய்தபின் மண் அமுங்கிப் பள்ளங்கள் தெரியும், அவற்றை நிரவுக. ஆனியில் பருவமழை தொடங்கியதும் அறுகின் வேர்த்துண்டுகளை 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுக. சென்னையிலோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆதலால் அங்கே புரட்டாசிக்குள் புல் வேர்பிடித்திருத்தல் நலம். ஓர் ஊரின் பஞ்சாங்கம் மற்றோர் ஊருக்கு உதவாது.

வெட்டுவதில் ஒரு விதியை மறவாதீர்கள். ஒரே தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. 4 சென்டிமீட்டர் உயரம் வேண்டுமெனில், 6 சென்டிமீட்டர் வளர்ந்தவுடன் வெட்டுக. இலையே புல்லின் அடுக்களை. அதனை மொட்டையடித்தால் வேர் பட்டினி கிடக்கும். கத்தி கூர்மையாக இருத்தல் வேண்டும். ஈரத்தரையில் உருளையை இழுத்தல் கூடாது. களிமண் செங்கல்போல் இறுகிவிடும்.

மழையற்ற நாளில் அன்றாடம் சிறிது தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக நீர் பாய்ச்சுவதே சிறந்தது. சதுர மீட்டருக்கு 25 லிட்டர் போதும். நீரைத் தேடி வேர் கீழே இறங்கும். உரத்திற்கு, இங்குள்ள தோட்டக்காரர்கள் கடுகுப் புண்ணாக்கைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நிறைய நீர் சேர்த்து ஊற்றுகின்றனர். நல்ல முறை. யூரியா இடுவோர் 10 சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவில் மணலுடன் கலந்து தூவி, உடனே நீர் பாய்ச்சுக. மார்கழி, தையில் குளிரால் அறுகு பழுத்து ஓய்வு கொள்ளும். இறந்ததோ என்று அஞ்சி அப்பொழுது உரமிட வேண்டா. மாசி பிறந்ததும் அதுவே துளிர்க்கும்.

களைகளில் கொடியது கோரை. வங்காளத்தில் ‘முதா’ என்பர். மேலே கிள்ளினால் அது சிரிக்கும். கிழங்கோடு தோண்டி எடுத்தாலன்றி ஒழியாது.

சிமெண்டா, புல்லா?

இத்தனை உழைப்பு எதற்கு, சிமெண்ட் பூசிவிட்டால் தீர்ந்ததே என்று வீட்டுக்காரர் பலர் நினைக்கின்றனர். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். 2025 செப்டம்பர் 23 விடிவதற்குள் இந்நகரில் ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருக்கள் குளங்களாயின. தேங்கிய நீரில் பாய்ந்த மின்சாரம் பல உயிர்களைக் குடித்தது. அத்தகைய மழையில் 50 சதுர மீட்டர் முற்றம் ஒன்றில் விழும் நீர் 12,500 லிட்டர். சிமெண்ட் முற்றம் அதனை உடனே தெருவுக்குத் தள்ளும். அந்நீர் தாழ்ந்த இடத்தில் வாழும் ஏழையின் குடிசைக்குள் நுழையும். புல்லும் இளகிய மண்ணும் அனைத்தையும் உறிஞ்சிவிடும் என்று நான் கூறவில்லை. ஒரு பகுதியை உறிஞ்சும். மிகுதியின் வேகத்தைத் தணிக்கும். ஆயிரம் முற்றங்கள் சேர்ந்தால் அது சிறிதன்று.

மற்றொன்றும் உண்டு. கொசுவே மலேரியாவைக் கொண்டுசெல்கிறது என்பதை ரொனால்டு ராஸ் பறவைகளிடம் ஆராய்ந்து 1898-இல் உறுதி செய்தது இந்நகரில்தான். இன்று டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைகிறது. ஆகவே வாரம் ஒருமுறை முற்றத்தைச் சுற்றி வந்து பள்ளங்களை நிரவுதலும், தொட்டியடித் தட்டு, தேங்காய் ஓடு முதலியவற்றில் நிற்கும் நீரைக் கொட்டுதலும் புல்தரைக் காப்பில் முதற்கடமை.

மாணவ நண்பர்களே! நாம் தங்கியிருக்கும் வீடு நமக்குச் சொந்தமன்று. எனினும் அதன் முற்றத்து மண் நம்மையும் காக்கிறது. சிமெண்ட் பூச எண்ணும் வீட்டுக்காரரிடம் இக்கணக்கை எடுத்துரைப்போம். வரும் ஆனியில் ஒரு பிடி அறுகு நடுவதற்கு அவருக்குக் கைகொடுப்போம். வாழ்த்தும்போது மட்டும் நினைக்கும் அப்புல், நம் வாயிலிலும் வேரூன்றட்டும்!