கேஸ் தீரவில்லை, வலை அடைத்திருந்தது

மீனாட்சிபுரத்தில் நடக்கும் எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். ஒரு நாள் அவர் புத்தகம் கொண்டு வரவில்லை. ஒரு ரசீதைக் கொண்டு வந்தார்.

"எழுத்துக் கூட்டிப் பாத்தேன் கண்ணு. 'கேஸ்'னு இருக்குது. 2,800னு இருக்குது. சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதானுங்க அக்கா. ஏ.சி.க்கு கேஸ் அடைத்த கூலி 2,800 ரூபாய்" என்றேன்.

"போன வருசமும் இதே மாதிரி குடுத்தேன். அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. காட்டின இடத்துல கைநாட்டு வெச்சேன். இந்த வருசம் கேஸ் அடைச்சு மூணு வாரம்தான் ஆச்சு. மறுபடியும் ரூம்ல குளிர் இல்ல. கேஸ் அதுக்குள்ள தீந்து போகுமா?"

நல்ல கேள்வி. அன்றைக்குப் பாடத்தை மூடி வைத்தோம். எல்லோரும் அக்கா வீட்டுக்குப் போனோம்.

அந்த வீட்டில் ஏ.சி. ஆடம்பரத்துக்கு வாங்கியது அல்ல. அக்காவின் மாமியாருக்கு 80 வயது. படுத்த படுக்கை. அறையைச் சூடாக விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருப்பூரில் வேலை செய்யும் மகன் தவணையில் வாங்கிக் கொடுத்தார்.

நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்று அதன் வழியாக உள்ளே நுழைகிறது. காற்றோடு புழுதியும் வருகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்தில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது. வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. இந்தச் சூட்டில் வயதானவர்கள் உயிருக்கே ஆபத்து வரும். ஏ.சி. நின்று போனால் அக்கா பயப்படாமல் என்ன செய்வார்?

வீட்டுக்குப் போனதும் முதலில் ஏ.சி.யை நிறுத்தினோம். ரிமோட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது. சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்தோம். பிறகு உள்பெட்டியின் முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாகத் தூக்கினோம். உள்ளே ஒரு வலை இருந்தது. இதைத்தான் பில்டர் என்கிறார்கள்.

வலை தெரியவில்லை. கம்பளி மாதிரி அழுக்குதான் தெரிந்தது.

"அய்யோ, இத்தனை புழுதியா!" என்றார் அக்கா. "இதைக் கழட்டலாம்னு எனக்கு யாருமே சொல்லலையே!"

ஏ.சி. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அந்த அழுக்கு என்ன செய்தது என்பது புரியும். கிணற்றை நினைத்துக் கொள்ளுங்கள். வாளி உள்ளே போகிறது. தண்ணீரை மொண்டு வெளியே வருகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போகிறது. ஏ.சி.யில் அறையின் சூடுதான் தண்ணீர். கேஸ்தான் வாளி. கேஸ் செம்புக் குழாயில் ஓடுகிறது. அறைச் சூட்டை வாங்குகிறது. வெளிப்பெட்டிக்குப் போய் அதைக் கொட்டுகிறது. திரும்ப வருகிறது. நாள் முழுவதும் இதே சுற்றுதான்.

எத்தனை குடம் மொண்டாலும் வாளி தீர்ந்து போகுமா? போகாது. அடுப்புக் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏ.சி. கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே இருக்கிறது. அது குறைந்தால் ஒரே காரணம்தான். எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால் அந்தப் பணமும் ஓட்டை வழியாகத்தான் போகும்.

இப்போது வலைக்கு வருவோம். உள்ளே இருக்கும் மின்விசிறி அறைக் காற்றை இந்த வலை வழியாக இழுக்கிறது. வலை புழுதியைப் பிடித்துக் கொள்கிறது. காற்று குளிர்ந்த குழாய்கள் மேல் பட்டு வெளியே வருகிறது. வலை அடைத்தால் காற்று போகாது. குளிர் உள்ளேயே தங்கிவிடும். சில சமயம் குழாய் மேல் பனிக்கட்டி கூடக் கட்டிவிடும். அறையில் குளிர் வராது. கேஸ் குறைந்தாலும் பனி கட்டும். அதனால் பனியைப் பார்த்ததும் "கேஸ் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். அக்கா வீட்டுக்கு வந்தவர் வேண்டுமென்று ஏமாற்றினாரா, பார்க்காமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. ஆனால் வலையை அவர் தொடவே இல்லை.

வலையை வெளியே எடுத்துப் போனோம். முதலில் தட்டினோம். பிறகு குழாய்த் தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து விட்டோம். முன்பக்கம் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். சமையல் புகை பிடித்த வலைக்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போடலாம். சுடுதண்ணீர் வேண்டாம். இரும்பு பிரஷ் வேண்டாம். நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் வளைந்துவிடும், திரும்ப மாட்ட முடியாது. ஈரமாக மாட்டவும் கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு மாட்டி ஓட விட்டோம்.

கால் மணி நேரத்தில் பாட்டி போர்வை கேட்டார்! எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இந்த வேலைக்கு ஒரு பைசா செலவு இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும். காற்றுக் காலத்தில் பத்து நாளுக்கு ஒரு தடவை பார்க்கலாம். லாரி போகும் ரோட்டோரம் வீடு இருந்தால் வாரம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அடைத்த வலையால் கரண்ட் பில்லும் ஏறுகிறது. இது முக்கியம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1,000 வாட் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். ஓர் இரவில் ஏ.சி. 5 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 60 நாளுக்கு 300 யூனிட். வீட்டின் மற்றச் செலவு 170 யூனிட். மொத்தம் 470. வலை அடைத்து ஓர் இரவுக்கு 6 யூனிட் ஆனால்? 360. அதோடு 170. மொத்தம் 530.

470க்கும் 530க்கும் நடுவில் 500 இருக்கிறது. கேரளத்தில் இப்போதுள்ள முறைப்படி மாதம் 250 யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை படிப்படியான விலை. முதல் யூனிட்டுகளுக்கு மலிவு. 500ஐத் தாண்டினால் அந்த மலிவு போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலை போடுவார்கள். அதனால் பில் வந்ததும் யூனிட் எண்ணைப் பாருங்கள். பில்லில் உள்ள எழுத்து புரியாவிட்டாலும் எண் நமக்குத் தெரியும்.

ரிமோட்டிலும் ஓர் எண் இருக்கிறது. அக்கா வீட்டில் 18 வைத்திருந்தார்கள். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 18 ஆகும் வரை இயந்திரம் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று நட்சத்திர முத்திரை கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு சொல்கிறது. 2024 மே மாதம் கேரளத்தின் மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அப்போது ஏ.சி.யை 26 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டாம் என்று மின்வாரியம் பாலக்காட்டு மக்களைக் கேட்டுக் கொண்டது. 26 வைத்து, மேலே மின்விசிறியை மெதுவாக ஓட விட்டால் தூக்கம் நன்றாக வரும். பாட்டிக்கு இப்போது அதுதான்.

வெளிப்பெட்டியையும் போய்ப் பார்த்தோம். அறையின் சூட்டை அது வெளியே தள்ள வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். அக்கா அதன் மேல் துணி உலர்த்தியிருந்தார். பக்கத்தில் தேங்காய் மட்டையை அடுக்கியிருந்தார். இரண்டையும் எடுக்கச் சொன்னேன். மட்டைக்குள் எலி வரும், எலி ஒயரைக் கடிக்கும்.

உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள ஈரம்தான் தண்ணீராகிறது. அது வெளியே போகும் குழாய் பாசியாலோ பூச்சியாலோ அடைத்திருக்கும்.

நாம் செய்யக் கூடாததும் உண்டு. வெளிப்பெட்டியைத் திறக்கக் கூடாது. அதற்குள் கெப்பாசிட்டர் என்று ஒரு பொருள் இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் அடிக்கும். நீட்டிப் போடும் பெட்டியில் ஏ.சி. பிளக்கைச் செருகக் கூடாது. ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கென்று பெரிய மூன்று முனை பிளக் பாயிண்டும் எர்த்தும் வேண்டும். கருகிய வாடை வந்தால் உடனே மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கேஸ் வேலையும் நம் வேலை அல்ல. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டைப் படியுங்கள். ஆர் 32 அல்லது ஆர் 290 என்று இருந்தால் அந்தக் கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. பழகிய மெக்கானிக்தான் தொட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, வெயில் ஏறும் முன் பிப்ரவரியில் அவரைக் கூப்பிடலாம். ஏப்ரலில் கூப்பிட்டால் அவருக்கு நேரம் இருக்காது, அவசரமாகப் பார்ப்பார்.

அவர் "கேஸ் இல்லை" என்று சொன்னால் என்ன கேட்பது? அக்காவை மெக்கானிக்காக நடிக்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நான் நானாவே இருக்கேன். நீ மெக்கானிக்கா இரு கண்ணு" என்றார்.

"கேஸ் போச்சுங்க அக்கா" என்றேன்.

"எங்கே போச்சுங்க தம்பி? ஓட்டை எங்கே? சோப்பு நுரை போட்டுக் காட்டுங்க. மீட்டர்ல எவ்வளவு இருக்குது? ஓட்டையை அடைச்சுட்டு அப்புறம் கேஸ் போடுங்க. ரசீதுல ரெண்டையும் எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அதற்கு மேல் நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

போகும் முன் ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டோம். ஒரு பக்கம் "தேதி", மறு பக்கம் "வலை கழுவியது யார்" என்று எழுதினோம். ஏ.சி.க்குக் கீழே சுவரில் ஒட்டினோம். முதல் வரியில் அக்காவே தேதி எழுதினார். பக்கத்தில் தன் பெயரை எழுதினார். இரண்டாம் வரிக்கு நேராக, பதினைந்து நாள் தள்ளி ஒரு தேதியையும் எழுதி வைத்தார். அதற்குப் பக்கத்தில் தன் வீட்டுக்காரர் பெயரை எழுதினார்.

"அவரும் ஒரு தடவை கழுவட்டும்" என்றார்.