விசிறிக்கும் பம்புக்கும் எவ்வளவு மின்சாரம்?

எங்கள் விடுதியின் மொட்டை மாடியில் பத்தாயிரம் லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி ஒன்று உண்டு. அதை ஒருமுறை நிரப்ப எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று இயற்பியல் ஆசிரியையான சிஸ்டர் ஒருநாள் வகுப்பில் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் நாங்கள் உடனே கணக்குப் போட்டு விட்டோம். நீரின் நிறை, உயரம், புவியீர்ப்பு முடுக்கம் மூன்றையும் பெருக்கினால் வேலை கிடைக்கும். தொட்டியின் வாய் தரையிலிருந்து 14 மீட்டர் உயரத்தில் உள்ளது. 10,000 × 9.81 × 14 என்றால் 13,73,400 ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே விடை 0.38 யூனிட். அரை யூனிட் கூட இல்லை!

சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல், "சனிக்கிழமை போய் மீட்டரைப் பார்த்து வாருங்கள்" என்றார்கள். பம்புக்குத் தனி மீட்டர் இருக்கிறது. அதன் சிறிய சிவப்பு விளக்கு 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்க்க, இன்னொருத்தி சிமிட்டல்களை எண்ணினாள். 15 வினாடியில் 20 சிமிட்டல். அப்படியானால் பம்பு இழுக்கும் மின்திறன் 1500 வாட். தொட்டி நிரம்ப ஒரு மணி 36 நிமிடம் ஆயிற்று. செலவான மின்சாரம் 2.4 யூனிட். நாங்கள் கணித்ததைப் போல் ஆறு மடங்குக்கும் மேல்!

பெரிய கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்பே அவற்றின் மின்செலவைக் கணிப்பொறியில் கணித்துப் பார்க்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ் என்னும் மென்பொருள் இதற்குப் பெயர் பெற்றது. கட்டடத்தின் சுவர், கூரை, சன்னல், ஊரின் வெயில், காற்று எல்லாவற்றையும் அதற்குக் கொடுத்தால், ஆண்டின் 8760 மணி நேரத்துக்கும் கணக்குப் போட்டுத் தரும். ஆனால் பம்பைப் பற்றி அது நம்மிடம் முதன்மையாகக் கேட்பது மூன்று எண்களே: எவ்வளவு நீர், எவ்வளவு அழுத்தம், பயனுறுதிறன் எவ்வளவு. விசிறிக்கும் அப்படியே, நீருக்குப் பதில் காற்று. இந்த மூன்றில் ஒன்றைத் தவறாகக் கொடுத்தாலும் தவறான விடையையே மிக அழகாக அச்சிட்டுத் தரும். எங்கள் தாளில் நடந்ததும் அதுதான். மூன்றில் இரண்டை நாங்கள் தவறவிட்டிருந்தோம்.

முதல் தவறு உயரம். நீர் புறப்படுவது தரையிலிருந்தா? இல்லை, கிணற்றிலிருந்து! கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். அன்று நீர்மட்டம் தரைக்கு 6 மீட்டர் கீழே இருந்தது. ஆகவே ஏற்றம் 20 மீட்டர். அதோடு குழாயின் உராய்வும் சேர வேண்டும். ஒன்றேகால் அங்குலக் குழாய் 28 மீட்டர் போகிறது. இடையில் ஐந்து எல்போக்கள். இந்த அளவுக் குழாயில் ஓர் எல்போ ஏறக்குறைய ஒரு மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமான தடை தரும். எல்லாம் சேர்த்தால் நீர் இன்னும் 4 மீட்டர் ஏறுவதற்குச் சமம். மொத்தம் 24 மீட்டர்.

இரண்டாவது தவறு பயனுறுதிறனை மறந்தது. மின்சாரம் முழுவதும் நீராக மேலே போய்விடுவதில்லை. மோட்டார் சூடாகிறது, பம்பினுள் நீர் சுழன்று அலைகிறது. சிறிய பம்புக்கு 45 விழுக்காடு, சிறிய மோட்டாருக்கு 70 விழுக்காடு என்று கொண்டோம். இரண்டையும் பெருக்கினால் 31.5 விழுக்காடுதான்! இப்போது 10,000 லிட்டருக்கு 0.654 யூனிட் வேலை, அதை 0.315 ஆல் வகுத்தால் 2.08 யூனிட்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. எங்கள் மோட்டாரின் தகட்டில் ஒன்றரைக் குதிரைத்திறன் என்று உள்ளது. அதாவது 1.1 கிலோவாட். அதை ஓடிய நேரத்தால் பெருக்கினால் போதாதா என்று ஒரு தோழி கேட்டாள். போதாது. தகட்டில் உள்ள குதிரைத்திறன் மோட்டார் வெளியே தரும் திறன். மின்கம்பியிலிருந்து வாங்கும் திறன் அன்று. வாங்குவது அதைவிட எப்போதும் அதிகம்.

சரி, 2.08க்கும் 2.4க்கும் இடையே உள்ள வேறுபாடு எங்கே போயிற்று? குழாயில் துரு, பம்பில் தேய்மானம் என்று பலவாறு யோசித்தோம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்திதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் துணி துவைப்போமே!" பம்பு ஒருபுறம் நிரப்ப, கீழே குழாய்களில் நீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டி கொண்டது பத்தாயிரம் லிட்டர். பம்பு ஏற்றியதோ அதைவிட அதிகம். அடுத்த ஞாயிறு, விடுதி முழுவதும் காலைத் திருப்பலிக்குப் போயிருந்த நேரத்தில், காவற்காரத் தாத்தாவின் துணையோடு எங்களில் இருவர் மறுபடியும் அளந்தோம். (அவ்விருவரும் மாலைத் திருப்பலிக்குச் சென்றோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறோம்.) ஒரு மணி 26 நிமிடம், 2.15 யூனிட். கணக்குக்கு மிக அருகில் வந்துவிட்டது. ஆயினும் இதில் அதிகம் மகிழக் கூடாது என்பது சிஸ்டரின் கருத்து. பயனுறுதிறனில் ஒரு பிழையும் உராய்வில் ஒரு பிழையும் எதிரெதிராக இருந்து ஒன்றையொன்று மறைத்திருக்கவும் கூடும் அல்லவா?

பம்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுழலும் வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவு பாதியாகும், அழுத்தம் கால் பங்காகும், திறன் எட்டில் ஒரு பங்காகும் என்று ஒரு விதி இருக்கிறது. விசிறிக்கும் இவ்விதி உண்டு. இதைப் படித்ததும், பம்பை மெதுவாக ஓட்டி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். எங்கள் தொட்டிக்கு இது உதவாது. வேகத்தைக் குறைத்தால் அழுத்தம் குறையும். ஆனால் 20 மீட்டர் ஏற்றம் குறையாது. ஓர் அளவுக்குக் கீழே போனால் பம்பு ஓடும், நீர் மட்டும் மேலே வராது. பெரிய மருத்துவமனைகளில் குளிர்நீரைக் குழாயில் சுற்றவிட்டு அறைகளைக் குளிர்விக்கிறார்களே, அங்கே கதை வேறு. அது மூடிய வட்டம். மேலே ஏறும் நீரின் எடையைக் கீழே இறங்கும் நீர் சரிக்கட்டி விடுகிறது. கட்டடம் பத்து மாடியானாலும் பம்பு உராய்வை மட்டும் வென்றால் போதும். அங்கே மாடியின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை வீணாகப் பெருத்துவிடும். கிணற்றை மறந்த நாங்கள் செய்த பிழைக்கு இது நேர் எதிரான பிழை.

இனி விசிறி. இதில்தான் எங்கள் பள்ளிக்கு உண்மையான தேவை வந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதுவகை விசிறிகள் இருபத்து நான்கு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். பழைய கூரை விசிறி 75 வாட் இழுக்கும். புதியது 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். எந்த அறைகளில் மாட்டுவது? வகுப்பறைகளில்தான் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். விசிறிகளுக்கு மின்சிக்கன நட்சத்திரக் குறி 2023 முதல் இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆனால் நட்சத்திரம் விசிறியின் தரத்தைச் சொல்லுமே தவிர, அது எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைச் சொல்லாது.

வகுப்பறைகளில் 80 விசிறிகள். நாளுக்கு 6 மணி, ஆண்டுக்கு 200 நாள் என்று பெருக்கினால் 7200 யூனிட் வருகிறது. ஆனால் எல்லா விசிறியும் எப்போதுமா ஓடுகிறது? கணிப்பொறிக் கணக்கிலும் ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பங்கு ஓடுகிறது என்று ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். நாங்கள் அந்த அட்டவணையைக் கால்நடையாகத் தயாரித்தோம். சூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களில் ஒவ்வொரு வாரம், பாடவேளைக்கு ஒருத்தியாகத் தாழ்வாரம் முழுவதும் நடந்து எண்ணினோம். சூலையில் சராசரி 66, அக்டோபரில் 52, டிசம்பரில் 23. மூன்றின் சராசரி 47. ஆகவே 7200 என்பது 4230 ஆகக் குறைந்தது. மகிழ்ச்சி அடைவதற்குள் மாலைக் கணக்கு வந்தது: நான்கு மணிக்குப் பிறகு, ஆளில்லா அறைகளில் ஒன்பது விசிறிகள், காவற்காரத் தாத்தா ஆறு மணிக்கு வந்து நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கு ஆண்டுக்கு 270 யூனிட். ஆக 4500.

ஆளில்லா அறையில் விசிறி எதைக் குளிர்விக்கிறது? எதையும் இல்லை. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் தோலின் வியர்வையை ஆவியாக்கித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. விசிறி வாங்கும் மின்சாரம் முழுவதும் முடிவில் அந்த அறையிலேயே வெப்பமாகிறது. 75 வாட் விசிறி என்பது அறைக்கு 75 வாட் அடுப்பும் ஆகும். குளிரூட்டிய கட்டடங்களில் விசிறியின் இந்த வெப்பத்தை வெளியேற்றவும் மீண்டும் மின்சாரம் வேண்டும் என்பதால், நல்ல மென்பொருள் இதைத் தனியே கணக்கில் சேர்க்கிறது. வேகத்தைக் குறைத்தால் எட்டில் ஒரு பங்கு என்னும் விதியையும் இங்கே அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். விசிறி வாங்காத மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டியில் வீணாகிறது.

விடுதியில் 24 விசிறிகளே உள்ளன. ஆனால் இரவில் 9 மணி நேரம், ஆண்டில் 270 இரவுகள். 24 × 75 × 9 × 270 என்றால் 4374 யூனிட்! எண்பது வகுப்பறை விசிறிகளுக்கு ஏறக்குறையச் சமம். ஒரு விசிறியை மாற்றினால் வகுப்பறையில் ஆண்டுக்கு 34 யூனிட் மிச்சம், விடுதியில் 109 யூனிட் மிச்சம். கழகத்தாரின் கூட்டத்தில் இந்தத் தாளைப் படித்தபோது எங்கள் குரல் சற்று நடுங்கியது உண்மை.

கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "மேல்தளத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓட்டுக் கூரையின் கீழ் வேகிறார்கள். அங்கே இருக்கும் பழைய விசிறிகளிலிருந்து காற்றே வருவதில்லை. அதற்கு உங்கள் கணக்கில் இடம் இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லைதான். நாங்கள் மின்சாரத்தை எண்ணினோம், வியர்வையை எண்ணவில்லை. முடிவில் இருபது விசிறிகள் விடுதிக்கும், நான்கு அந்த ஆறாம் வகுப்புக்கும் என்று தீர்மானமாயிற்று. இதனால் ஆண்டு மிச்சம் 2624 யூனிட்டிலிருந்து சுமார் 2322 ஆகக் குறைகிறது. அந்த அம்மா கேட்டது நியாயம் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

பம்புக் கணக்கில் ஒன்று பாக்கி இருக்கிறது. மே மாதத்தில் கிணற்று நீர் இன்னும் 3 மீட்டராவது இறங்கும் என்கிறார் தாத்தா. அப்படியானால் ஏற்றமும் உராய்வும் சேர்ந்து 27 மீட்டர், தொட்டிக்கு 2.3 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆக வேண்டும். அப்போது நாங்கள் தேர்வெழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். விடுதி காலியாக இருந்தாலும் கன்னியர் மடத்துக்காகத் தொட்டி நிரம்பும். கல் கட்டிய கயிற்றையும் கணக்கு நோட்டையும் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம்.